வீடுகளில் சூரிய வெந்நீர்: தேர்வும் கணக்கும்

குளிப்பதற்குத் தேவையான நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ்தான். இந்தச் சிறு வெப்பத்தைப் பெறுவதற்காக அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிக்கப்படுகிறது; அதன் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மின்சாரமாகிறது; அம்மின்சாரம் நெடுந்தூரம் கம்பிகளில் பயணம் செய்து, குளியலறையில் மீண்டும் வெப்பமாக மாறுகிறது. இதைவிட வீணான மின் உபயோகம் இல்லங்களில் அரிது.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்த நகரம் பெங்களூரு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்துள்ள அந்நகரில் ஆண்டின் பெரும்பகுதியும் காலையில் வெந்நீர் வேண்டும். அதே சமயம் பெரும்பாலான நாட்களில் நல்ல வெயிலும் உண்டு. 2 கிலோவாட் திறனுள்ள கீசர்கள் ஆயிரம் வீடுகளில் ஒரே நேரத்தில் இயங்கினால் 2 மெகாவாட் மின்சாரம் வேண்டும். அதிகாலையில் ஏறும் இத்தேவையைத் தணிக்க, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களில் சூரிய வெந்நீர்ச் சாதனத்தைக் கர்நாடக அரசு 2007-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. சாதனம் பொருத்திய வீடுகளுக்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதத்துக்கு 50 ரூபாய் வரை கட்டணத் தள்ளுபடியும் அளிக்கப்பட்டது. 2010 ஜனவரியில் தொடங்கப்பெற்ற தேசிய சூரிய சக்தித் திட்டம், 2022-க்குள் நாடெங்கும் 2 கோடி சதுர மீட்டர் வெப்ப ஏற்பிகள் என்ற இலக்கை வகுத்தது. மத்திய அரசின் மூலதன மானியம் 2014-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, சாதனத்தின் முழு விலையையும் இப்போது குடும்பமே ஏற்க வேண்டியிருப்பதால் தேர்வில் கவனம் அவசியமாகிறது.

முதலில் அளவு. 20 பாகையிலுள்ள 100 லிட்டர் நீரை 60 பாகைக்குச் சூடேற்ற 4,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 4.6 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. நம் நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 முதல் 7 யூனிட் வரை சூரிய சக்தி விழுகிறது. அதில் பாதியை ஏற்பி கவர்ந்துகொள்வதாகக் கொண்டால், 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் பரப்புப் போதும். 60 பாகை நீரைச் சம அளவு தண்ணீருடன் கலந்தால் 40 பாகை நீர் 200 லிட்டர் கிடைக்கும். 20 லிட்டர் வாளியில் பத்து வாளி. வாளியில் மொண்டு குளிக்கும் நால்வர் குடும்பத்துக்கு இது தாராளம். பூத்தூவல் குழாயின் கீழ் நெடுநேரம் நிற்பவர்களுக்கு இது போதாது.

விற்பனையாளர் காட்டும் சேமிப்புக் கணக்கில் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது: சூடான நீர் முழுவதும் செலவாகிறது என்பதே அது. ஆண்டில் 250 நாள் முழுவதும் பயன்பட்டால் 1,150 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் எனில் 6,900 ரூபாய். சாதனத்தின் விலை 25,000 ரூபாய் எனக் கொண்டால் நான்கு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். அதே குடும்பம் நாளொன்றுக்கு 60 லிட்டரே பயன்படுத்தினால் ஆறு ஆண்டுகள் ஆகும். மாடியில் சூடாகி மாடியிலேயே ஆறிப்போகும் நீர் எவருக்கும் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. எனவே தேவைக்கு மேல் பெரிய சாதனம் வாங்குவது சிக்கனமன்று.

அடுத்து, எந்த வகை என்ற கேள்வி. விலையைவிடத் தண்ணீரே இதைத் தீர்மானிக்க வேண்டும். தட்டை ஏற்பியில், கண்ணாடியின் கீழே கருமை பூசிய தகட்டோடு இணைந்த செப்புக் குழாய்களில் நீர் சூடாகிறது. உறுதியானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் சூடாகும்போது சுண்ணாம்பு உப்புகள் படிந்து அந்த ஒடுங்கிய குழாய்களை அடைத்துவிடும். அத்தகைய இடங்களில், ஏற்பியில் ஒரே நல்ல நீரைச் சுற்றவிட்டு, அதன் வெப்பத்தை மட்டும் உபயோக நீருக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்ற அமைப்பு வேண்டும், விலை கூடும். வெற்றிடக் குழாய்ச் சாதனத்தில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்கள் உள்ளன. சுவர்களிடையே காற்று இல்லாததால் வெப்பம் எளிதில் வெளியேறாது. பொதுவாக விலை குறைவு. அகன்ற குழாயாதலால் உப்புப் படிவைத் தாங்கும், கழற்றித் துலக்கலாம். ஆனால் கண்ணாடி உடையக்கூடியது. சிம்லா, லே போன்ற உறைபனிப் பிரதேசங்களில் சாதாரணத் தட்டை ஏற்பியில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும் அபாயம் உண்டு. அங்கு வெற்றிடக் குழாயோ, உறையாத திரவம் சுற்றும் அமைப்போ ஏற்றது. தட்டை ஏற்பிக்கு ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. அம்முத்திரை உள்ளதா என்று பார்ப்பது நன்று.

நல்ல சாதனமும் தவறாகப் பொருத்தினால் பயன் தராது. சூடான நீர் இலேசாகி மேலெழும் இயல்பினால்தான், மின் விசைக் குழாயின்றியே நீர் ஏற்பிக்கும் தொட்டிக்கும் இடையே சுற்றுகிறது. ஆகவே வெந்நீர்த் தொட்டி ஏற்பிக்கு மேலும், தண்ணீர்த் தொட்டி அதற்கும் மேலும் இருக்க வேண்டும். ஏற்பி தெற்கு நோக்க வேண்டும். குளிர்காலத்தில் வெயில் தாழ்ந்து விழுவதால், சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையைவிட 10 முதல் 15 பாகை கூடுதலாக இருப்பது நலம். 13 பாகையிலுள்ள பெங்களூருவுக்கு ஏறத்தாழ 25 பாகை. பலரும் கவனியாதது குழாயின் நீளம். மூன்று மாடி இறங்கி வரும் குழாயில் இரவெல்லாம் ஆறிக் கிடந்த நீர் வெளியேறிய பின்பே வெந்நீர் வரும்; கோடையில் குடிநீருக்கே தவிக்கும் நகரில் அந்த வாளிகள் சாக்கடைக்குப் போகின்றன. குளியலறைக்கு நேர் மேலே சாதனத்தை வைத்து, குழாய்க்கு வெப்பக் காப்பு உறை இடுவதற்கான செலவு வீணாகாது. மேகமூட்ட நாட்களுக்கென்று தொட்டியினுள் வைக்கும் மின் சூடேற்றியை எந்நேரமும் இயங்கவிட்டால், விடியுமுன்பே அது தொட்டியைச் சூடாக்கிவிடும். சூரியனுக்கு வேலை மிஞ்சாது. அதன் விசையைக் கையால் இயக்குவதே மேல்.

சட்டத்தின் கட்டாயம் கட்டுபவரைச் சேர்கிறது, குளிப்பவர் வேறொருவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் விதியை நிறைவேற்றும் அளவுக்கு மலிவான சாதனம் பொருத்தப்பட்டு, கீழ்த்தளங்களுக்கு வெதுவெதுப்பான நீரே எட்டுவதற்கு இது ஒரு காரணம். வீட்டை ஏற்கும் முன் அதிகாலையில் ஒரு முறை குழாயைத் திறந்து பார்ப்பது பத்திரத்தைப் படிப்பதற்கு நிகரான எச்சரிக்கை.

இப்போது மொட்டை மாடிக்கு வேறொரு போட்டியும் வந்துள்ளது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் ஒளிமின் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு உதவி கிடைக்கிறது. வெந்நீர்ச் சாதனத்துக்கு அத்தகைய உதவி இல்லை. கர்நாடகத்தில் 2023 முதல் வீடுகளுக்கு 200 யூனிட் வரை மின்சாரம் இலவசமாகவும் வழங்கப்படுகிறது. இச்சலுகை வரம்புக்குள் அடங்கும் குடும்பத்துக்குக் கீசரை நிறுத்துவதால் கிடைக்கும் லாபம் எதுவுமில்லை. மின் வாரியத்துக்கோ அதே கீசரின் காலை நேரச் சுமை குறையவில்லை. பரப்பளவின் கணக்கு வேறு: அதே 2 சதுர மீட்டரில் ஒளிமின் தகடு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும்போது, வெப்ப ஏற்பி 4 அல்லது 5 யூனிட்டுக்கு ஈடான வெப்பத்தைத் தருகிறது. ஆனால் தகட்டின் மிகுதி மின் தொகுப்புக்குச் செல்லும். வெந்நீரின் மிகுதி செல்ல வழியில்லை. மாடி விசாலமான வீட்டில் இரண்டுக்கும் இடமுண்டு. இடம் குறுகிய வீட்டில், காலையில் எத்தனை வாளி வெந்நீர் செலவாகிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.