ஆலை நின்றது, காடு நிற்கிறது

மத்திய அந்தமானின் ரங்கத் அருகே, எராட்டா ஜெட்டியில் படகேறினால் லாங் ஐலண்ட். வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் விசாரிப்பது லாலாஜி பே கடற்கரையைத்தான். காட்டுக்குள் நடந்தோ, டுங்கி பிடித்தோ அங்கே போய்விடுகிறார்கள். ஒரு காலத்தில் இது ஆலைச் சங்குக்கு எழுந்து நடந்த தீவு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அல்பியன் பிளைவுட் என்பது அந்த ஆலையின் பெயர். வீட்டுக்கு அலமாரி செய்யும் தச்சரிடம் கேட்டால் 'குர்ஜன் பிளை'யின் மகிமையைச் சொல்வார். குர்ஜன், அந்தமான் காடுகளின் ராட்சத மரம். வெகு உயரம்வரை கிளையில்லாமல் நேராக வளர்வதால் பிளைவுட்டுக்குத் தோதானது. அடிமரத்தை லேத்தில் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல மெல்லிய தகடாக உரிப்பார்கள். உலர்த்தி, பசை தடவி, இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் பலகை தயார்.

அந்தமான் மரத்தொழிலுக்கு ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடியினரைக் கூலிகளாகக் கொண்டுவருவது 1918இலேயே தொடங்கிவிட்டது. பின்னர் வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள். மரம் இழுக்க யானைகளும் கப்பலேறி வந்தன. வடக்கு அந்தமானில் மரம் வெட்டிய தனியார் கம்பெனி ஒன்று, தொழிலைக் கைவிட்டபோது யானைகளையும் அப்படியே விட்டுப் போனது. அவற்றின் வாரிசுகள் இண்டர்வியூ தீவில் காட்டு யானைகளாகிவிட்டன. தொழிலாளர்களுக்கு அந்த வசதி இல்லை.

மரத்தொழிலுக்கு வந்த வினை, விசித்திரமாக, நீலகிரியில் தொடங்கியது. கூடலூர் காடுகள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். அது நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விசுவரூபம் எடுத்தது. லிட்டில் அந்தமானில் ஓங்கே பழங்குடியினரின் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கும் அதனுடன் சேர்ந்தது. 2001 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. தீவுகளுக்கு வெளியே மரம் ஏற்றவும் கூடாது. சேகர் சிங் கமிஷனின் அறிக்கையை ஏற்று 2002 மே 7இல் பிறந்த உத்தரவு, உள்ளூர்த் தேவைக்கு மட்டுமே மரம் என்று வரம்பு கட்டியது. மெயின்லாண்டை நம்பிய பிளைவுட் தொழிலின் கதை அத்தோடு முடிந்தது.

நெய்வேலியில் என்றாவது நிலக்கரி தீரும். லாங் ஐலண்டில் மரம் தீரவில்லை, வெட்டும் உரிமைதான் தீர்ந்தது. பழங்குடியினரின் காட்டைப் பலகையாக்கி விற்றது நியாயமில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், வேறு தொழில் தெரியாத ஒரு ஊர் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது. பலர் வேலை தேடிக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு மீன், தோட்டம், சுற்றுலா.

போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் 1883இல் அமைந்த அரசு மர ஆலை இருக்கிறது. பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். லாங் ஐலண்டின் ஆலைக்கு டிக்கெட் கவுண்டர் இல்லை.