பாட்டைப் பரிசாகக் கொடுக்க முடியுமா?

(ஞாயிறு காலை வானொலிச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி இறந்து ஓராண்டு கடந்திருந்தது. கையில் மனைவியின் செல்பேசியை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"சாமி, இதுல பாட்டு இருந்துச்சு. இப்ப இல்ல. எங்க போச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

விசாரித்தபோது கதை தெரிந்தது. அந்த அம்மா கடைசி ஓராண்டு படுக்கையில் இருந்தார். அப்போது தம் திருமண நாளுக்காக, கணவருக்கென்று நாற்பது பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, பாட்டுச் செயலி ஒன்றில் பட்டியலாகச் சேர்த்து வைத்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு நாற்பது பாட்டு. ஆண்டுக்கு ஒன்று. பட்டியலுக்கு அவர் வைத்த பெயர், 'அவங்களுக்கு'.

அம்மா இறந்தபின் பெரியவர் தினமும் இரவில் அதைக் கேட்டு வந்தார். ஒருநாள் செல்பேசி மக்கர் செய்தது. கடையில் கொடுத்தார். அவர்கள் எல்லாவற்றையும் அழித்து, புதிதுபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். மறுபடி அந்தச் செயலிக்குள் நுழைய வேண்டுமானால், அம்மாவின் எண்ணுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். அந்த எண்ணுக்கோ பல மாதங்களாக ரீசார்ஜ் செய்யவில்லை. அது வேறு யாருக்கோ போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகள் அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தார். பயன் இல்லை.

நான் அந்தச் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். பாட்டுகள் எங்கும் போகவில்லை. அந்த நாற்பது பாட்டையும் இன்றைக்கும் எந்தச் செல்பேசியிலும் கேட்கலாம். தொலைந்துபோனது பாட்டு அல்ல. அவற்றை ஒருவர் இன்னொருவருக்காகத் தேர்ந்தெடுத்த அந்தத் தேர்வு. அதுதான் பரிசு. அது போய்விட்டது.

அன்புக்குரியவர்களே, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்குகிறது. திருமணம், புதுநன்மை, பிறந்தநாள் என்று பரிசு கொடுக்கும் நாள்கள் நம் வீடுகளில் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாப் பாட்டும் எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில், ஒரு பாட்டைப் பரிசாகக் கொடுக்க முடியுமா? கொடுப்பதென்றால் எதைக் கொடுக்கிறோம்? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒலிநாடா நினைவிருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறிய கேசட், எண்பதுகளில் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு வந்தது. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ரெக்கார்டிங் கடை இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிடமா, தொண்ணூறு நிமிடமா என்று கேட்பார்கள். நான்கு நாள் கழித்துப் போய் வாங்குவோம். குருமடத்தில் நான் படித்தபோது என் அக்கா அப்படி ஒரு கேசட் பதிந்து அனுப்பினார். கடைசிப் பாட்டு முடிந்ததும் மீதமிருந்த இரண்டு நிமிடத்தில் அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிந்திருந்தார். "நல்லா சாப்பிடுப்பா" என்று ஆரம்பித்து, அம்மா அதையே மூன்று முறை சொன்னார். யாரும் தவறி மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பற்களையும் அக்கா உடைத்துவிட்டிருந்தார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடைகளில் நாம் பதிந்து வாங்கிய பாட்டுகளுக்குப் பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு காசும் போகவில்லை. அது சரியல்ல. அன்று நாம் அதை யோசிக்கவில்லை. ஆனால் ஒன்று: அந்தக் கேசட் கொடுத்தவரின் கையைவிட்டு வாங்கியவரின் கைக்கு முழுமையாக வந்தது. யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு 1982இல் குறுந்தட்டு வந்தது. அதுவும் கையில் பிடிக்கும் பொருள்தான். 2003இல் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றது. இப்போது கையில் பொருள் இல்லை. கணினியில் ஒரு கோப்பு. தொடக்கத்தில் அந்தக் கோப்புக்குப் பூட்டும் இருந்தது. அனுமதித்த சில கருவிகளைத் தவிர வேறெதிலும் பாடாது. 2009இல்தான் அங்கே விற்ற பாட்டுகளின் பூட்டை முழுதும் எடுத்தார்கள்.

அதற்கிடையில் அடுத்த மாற்றம் வந்தது. ஸ்வீடனில் தொடங்கிய ஸ்பாட்டிஃபை 2008இல் சேவைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. இதுபோன்ற செயலிகளில் நாம் பாட்டை வாங்குவதில்லை. கேட்கும் அனுமதியை வாங்குகிறோம். சந்தா கட்டும் வரை, கணக்கு திறந்திருக்கும் வரை, நிறுவனத்துக்கும் பாட்டின் உரிமையாளருக்கும் ஒப்பந்தம் இருக்கும் வரை, கேட்கலாம். செல்பேசியில் இறக்கி வைத்த பாட்டும் அப்படித்தான். அதைத் தனியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும்.

வாடகை வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க முடியுமா? முடியாது. இதுவும் அதைப் போன்றதே. வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றமல்ல. நானும் அந்தச் செயலிகளில்தான் பாட்டுக் கேட்கிறேன். ஆனால் வாடகை வீட்டைச் சொந்த வீடென்று நினைத்துக்கொண்டு இருந்தால், ஒருநாள் மனம் உடைந்துபோகும்.

சரி, காசு கொடுத்து வாங்கிய கோப்பையாவது கைமாற்றலாமா? அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம் அப்படித்தான் முயன்றது. நீங்கள் வாங்கிய பாட்டுக் கோப்பு உங்களுக்கு வேண்டாமென்றால், பழைய புத்தகத்தை விற்பதுபோல் விற்கலாம் என்றது. கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2013இல் கீழ் நீதிமன்றமும் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லாது என்றன. காரணம் எளிது. புத்தகத்தைக் கொடுக்கும்போது அதே புத்தகம் இடம் மாறுகிறது. கோப்பை அனுப்பும்போது அது இடம் மாறுவதில்லை. அங்கே புதிதாக ஒரு நகல் பிறக்கிறது. நகலெடுக்கும் உரிமை பாட்டின் உரிமையாளருடையது. நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டுகள் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ஆயிரம் பாட்டுகளை எங்கிருந்தோ இறக்கி, பென்டிரைவில் நிரப்பி, பரிசுத் தாள் சுற்றிக் கொடுத்தால், நாம் கொடுப்பது நம்முடையதை அல்ல.

திருவிவிலியத்தில் தாவீது அரசரை நினைத்துப் பாருங்கள். இசையைக் கொடையாகக் கொடுத்தவர் அவர். மனம் கலங்கியிருந்த சவுலின் முன் அமர்ந்து யாழ் மீட்டினார். அதே தாவீது பிற்காலத்தில் எபூசியனான அரவுனாவின் போரடிக்கும் களத்தில் பலிபீடம் கட்டப் போனார். களத்தையும் மாடுகளையும் விறகையும் இலவசமாகவே தருகிறேன் என்றார் அரவுனா. தாவீது மறுத்துவிட்டார். எனக்கு எந்தச் செலவும் இல்லாத ஒன்றை ஆண்டவருக்குக் காணிக்கையாக்க மாட்டேன் என்று சொல்லி, விலை கொடுத்தே வாங்கினார்.

பரிசைப் பற்றி இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது. இதில் எனக்கு என்ன செலவானது? பணம் மட்டுமல்ல, நேரம், நினைவு, யோசனை. ஆயிரம் பாட்டை நகலெடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்த அம்மா படுக்கையில் கிடந்து நாற்பது பாட்டைத் தேடியதற்கு எத்தனை நாள் ஆனதோ! பரிசின் கனம் அந்த நாள்களில்தான் இருக்கிறது.

இசை வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி. 1870, கிறிஸ்து பிறப்பு நாள் காலை. சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகருக்கு அருகே டிரிப்ஷன் என்னும் இல்லம். இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் மனைவி கோசிமா கண் விழிக்கும்போது இசை கேட்கிறது. மாடிப்படிகளில் ஒரு சிறு இசைக்குழு நின்று வாசிக்கிறது. மனைவியின் பிறந்தநாளுக்காக, முந்தைய ஆண்டு பிறந்த மகன் சீக்ஃபிரீடின் நினைவோடு, வாக்னர் ரகசியமாக எழுதிய இசை அது. அந்த வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் 1878இல் பண நெருக்கடி வந்தது. வாக்னர் அதைப் பதிப்பாளருக்கு விற்றார். கோசிமா மிகவும் வருந்தினார்.

விற்றபிறகு உலகமே அந்த இசையைக் கேட்டது, இன்றும் கேட்கிறது. இசை குறையவில்லை. பின் ஏன் அந்த வருத்தம்? 'இது எனக்காக' என்ற அந்த ஒரு சொல் அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. நம் பெரியவரின் வருத்தமும் அதுவே.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டியலைத் தாளில் எழுதுங்கள். செயலியில் சேர்த்தாலும் சேருங்கள். ஆனால் பாட்டின் பெயர், பாடியவர், எதற்காக இதைத் தேர்ந்தேன் என்று ஒரு வரி, இவற்றை உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள். கணக்கு போகலாம், செல்பேசி போகலாம், தாள் பெட்டியில் இருக்கும்.

இரண்டாவது, முடிந்தால் விலை கொடுத்து வாங்கிக் கொடுங்கள். குறுந்தட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் பூட்டில்லாத கோப்பாக வாங்கவும், அதை இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பவும் முறையான வழி இருக்கிறது. நம் மறைமாவட்டத்தில் பாடல் தொகுப்பு வெளியிடும் பாடகர் குழுவினரிடம் நேரில் வாங்கினால், பாடியவர் கைக்கே அது போய்ச் சேரும்.

மூன்றாவது, சந்தாவைப் பரிசாகக் கொடுப்பதானால், அது முடியும் நாளையும் சொல்லிக் கொடுங்கள். யார் எண்ணில், யார் கணக்கில் இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் இருவராவது அறிந்திருக்கட்டும். வீட்டில் ஒருவர் இறந்தால், அவருடைய எண்ணை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். முதலில் அதிலுள்ளவற்றை எடுத்து வையுங்கள்.

நான்காவது, உங்கள் குரலையே கொடுங்கள். பாட்டி பாடும் தாலாட்டை, தாத்தா பாடும் பழைய மாதா பாட்டைச் செல்பேசியில் பதியுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை. அந்தப் பதிவு முழுக்க உங்களுடையது. அதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். என் அம்மாவின் அந்த இரண்டு நிமிடத்தை நான் அப்படிக் காப்பாற்றவில்லை. நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. கேசட் இன்றும் என் மேசையில் இருக்கிறது. அம்மாவின் குரல் அதில் இல்லை.

ஐந்தாவது, கூட உட்கார்ந்து கேளுங்கள். காதுக்கு ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருக்கும் வீட்டில், அரை மணி நேரம் ஒரே பாட்டை இருவர் சேர்ந்து கேட்பதே ஒரு பரிசு. அதற்குச் சந்தா முடிவதில்லை.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலை நான் ஒரு நோட்டை எடுத்து, ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்டேன். "உங்களுக்கு நினைவு இருக்கிறதைச் சொல்லுங்க, ஐயா" என்றேன். பத்தொன்பது பாட்டு சொன்னார். மகள் தொலைபேசியில் நான்கு சொன்னார். உடனிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் மூன்று சொன்னார். இருபத்தாறு ஆயிற்று. மீதி பதினான்கு இடம் வெறுமையாக இருக்கிறது. வேறு பாட்டுகளைப் போட்டு நிரப்பலாமே என்று மகள் கேட்டாராம். "வேண்டாம்மா. அது அவ போட்டது. வந்தா வரட்டும்" என்றாராம்.

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வருவார். "சாமி, இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு" என்பார். நோட்டு இப்போது முப்பதாம் பாட்டில் நிற்கிறது.

இந்தப் பெருவிழாவில் ஒருவருக்கு ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்து கொடுங்கள். ஏன் இந்தப் பாட்டு என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தம் மகனையே நமக்குக் கொடையாகத் தந்த இறைவன், கொடுக்கும் மனதை நமக்கும் தருவாராக. ஆமென்.