வெற்றிக் கதை கேட்டால் கைதட்டுவதா? கணக்குக் கேட்பதா?

கேமரன் மலைக்கு விடுமுறையில் போகிறவர்கள் பிரிஞ்சாங்கைத் தாண்டியதும் கியா பார்ம் சந்தையில் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. அங்கே தேன் வாங்குகிறவரைக் கவனித்துப் பாருங்கள். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "சுத்தமான தேன்தானா?" என்று இரண்டு தடவை கேட்பார். ஸ்ட்ராபெரிப் பெட்டியைத் திருப்பி, அடியில் இருக்கும் பழத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். கடைக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. காசு கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார் என்று அவருக்குத் தெரியும்.

அதே மனிதரிடம் ஒருவர் வந்து, "எங்கள் உறவுக்காரப் பையன் ஒரு நாவல் எழுதினான். லண்டன் பதிப்பகம் ஒரு லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கிவிட்டது. உலக விற்பனையில் முதலிடம். அடுத்து சினிமாவாக வரப்போகிறது" என்று சொன்னால் என்ன நடக்கும்? "அப்படியா! நல்ல செய்தி!" என்று கைகுலுக்கிவிட்டுப் போவார். மண்டபத்தில் பொன்னாடை போர்த்துவார்கள். நாலு பேர் தம் பிள்ளைகளிடம், "அவனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்பார்கள். தேன் போத்தலுக்குக் கேட்ட கேள்வியை இந்தக் கதைக்கு ஒருவரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? கேட்டால் பொறாமை என்பார்கள். "நம் இனத்துப் பிள்ளை முன்னேறுவது இவருக்குப் பொறுக்கவில்லை" என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

யாருக்கு நட்டம்?

நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. கியா பார்ம் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகள் ஐந்தாம் படிவம் முடித்தவள். கதை எழுதுவாள். ஊரெல்லாம் பேசும் அந்த வெற்றிக் கதையைக் கேட்டு, தன் நாவலையும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறாள். பத்தே நாளில் பதில் வருகிறது: "உங்கள் நாவல் தேர்வு செய்யப்பட்டது. வாழ்த்துகள். 5,000 வெள்ளி செலுத்தினால் 300 பிரதிகள் அச்சிட்டுத் தருகிறோம்."

2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதன்படி பார்த்தால் 5,000 வெள்ளி என்பது ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. ஒரு பிரதியை 25 வெள்ளிக்கு விற்றால் 200 பிரதிகள் போன பிறகுதான் போட்ட முதல் திரும்பும். அந்த 200 பேர் யார்? அத்தை, மாமா, பள்ளி ஆசிரியர், கோயில் தலைவர். அதற்கு மேல்? கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, "உனக்குத் திறமை இல்லை" என்று அந்தப் பெண் தன்னைத்தானே நொந்துகொள்வாள். அவளுடைய திறமையில் குறை இருக்க வேண்டியதில்லை. அவள் கேட்ட கதையில்தான் பாதி மறைக்கப்பட்டிருந்தது.

ஒரு லட்சம் என்றால் என்ன அர்த்தம்?

பதிப்பகம் கொடுக்கும் முன்பணத்தைப் பரிசு என்று நினைப்பவர்கள் அதிகம். அது பரிசு அல்ல. பின்னால் வரவேண்டிய உரிமத்தொகையை முன்கூட்டியே கொடுப்பதுதான் முன்பணம்.

ஒரு புத்தகம் 40 வெள்ளி, எழுத்தாளருக்குப் பத்து விழுக்காடு என்று கொள்வோம். ஒரு பிரதிக்கு 4 வெள்ளி. ஒரு லட்சம் வெள்ளி முன்பணம் கொடுத்த பதிப்பகம், 25,000 பிரதிகளாவது விற்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதிகளோ ஆயிரம் பிரதிகளோதான் பெரும்பாலும் அச்சாகிறது. ஆகவே "தமிழ் நாவலுக்கு ஒரு லட்சம்" என்று ஒருவர் சொன்னால் அந்த 25,000 வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பது குற்றம் ஆகாது. அது வெறும் பெருக்கல் கணக்கு.

சென்னையில் பிறந்த பெண்ணின் கதை

இப்படிப்பட்ட தொகை ஆங்கில உலகில் உண்மையிலேயே கிடைத்ததுண்டு. காவ்யா விஸ்வநாதன் என்ற பெண் சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவில் வளர்ந்தவர். அவருக்கு 17 வயது இருக்கும்போதே லிட்டில், பிரவுன் என்ற பெரிய பதிப்பகம் இரண்டு நூல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. தொகை ஏறத்தாழ ஐந்து லட்சம் அமெரிக்க டாலர் என்று செய்திகள் வந்தன. ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் படம் எடுக்கும் உரிமையை வாங்கியது. 2006 ஏப்ரலில் நாவல் வெளிவந்தபோது அவர் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி. உலகத் தமிழர்கள் பெருமைப்பட்டார்கள்.

அந்த மாதம் 23ஆம் தேதி, அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. மேகன் மெக்காஃபர்ட்டி என்ற எழுத்தாளர் 2001லும் 2003லும் எழுதிய இரண்டு நாவல்களின் வரிகள் இந்த நாவலில் அப்படியே இருக்கின்றன என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டியது. 40க்கும் மேற்பட்ட இடங்கள் ஒத்திருப்பதாக எதிர்த்தரப்புப் பதிப்பகம் சொன்னது. விரும்பிப் படித்த வரிகள் தனக்கே தெரியாமல் மனத்தில் பதிந்துவிட்டன என்று காவ்யா விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சில நாள்களிலேயே நூல் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் இரண்டாவது நூலும் இல்லை என்று பதிப்பகம் அறிவித்தது.

இந்தக் கதையில் ஒப்பந்தம் பொய்யல்ல. பதிப்பகமும் பொய்யல்ல. ஆனால் "சின்னப் பெண் தனியாக உட்கார்ந்து எழுதி உலகை வென்றாள்" என்று பரவிய கதையில் ஒரு பகுதி விட்டுப்போயிருந்தது. நாவல் உருவாகும் கட்டத்தில், கதைகளைத் திட்டமிட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனமும் கூட இருந்தது. காப்புரிமைப் பக்கத்தில் அதன் பெயரும் அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெரிய தொகை என்பது வாங்கியவரின் எதிர்பார்ப்பைத்தான் காட்டும். நூலின் தரத்துக்கு அது சான்று ஆகாது.

முதலிடம் வந்த விதம்

"விற்பனையில் முதலிடம்" என்ற சொல்லும் அப்படித்தான். 2017 ஆகஸ்டில் லானி சாரெம் என்பவரின் நாவல் நியூயார்க் டைம்ஸ் இளையோர் நூல் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதுவரை அந்த நூலைப் பற்றி எந்தப் புத்தகக் கடையிலும் பேச்சில்லை. இளையோருக்கு எழுதும் எழுத்தாளர்கள் சிலர், "இது யார்? இந்தப் புத்தகத்தை யார் படித்தார்கள்?" என்று விசாரித்தார்கள். பட்டியலுக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகளாகப் பார்த்து யாரோ மொத்தமாக வாங்கியிருப்பது தெரியவந்தது. நூலைப் பட்டியலிலிருந்து பத்திரிகையே நீக்கிவிட்டது.

இணையக் கடைகளின் கதை இன்னும் எளிது. அமேசான் போன்ற தளங்களில் நூற்றுக்கணக்கான சிறு பிரிவுகள் உண்டு. பட்டியல் அடிக்கடி மாறும். ஆள் இல்லாத ஒரு சிறு பிரிவில், நண்பர்கள் சில பேர் ஒரே நேரத்தில் வாங்கினால் சற்று நேரம் முதலிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் ஆயுள் முழுக்க "முதலிடம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

"தேர்வு செய்யப்பட்டது" என்ற சொல்லுக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பப்ளிஷ் அமெரிக்கா என்ற நிறுவனம் தன்னை வழக்கமான பதிப்பகம் என்று சொல்லி வந்தது. எழுத்தாளர்கள் சிலர் கூடி, வேண்டுமென்றே படு மோசமாக ஒரு நாவல் எழுதினார்கள். ஓர் அத்தியாயத்தை இரண்டு இடத்தில் அப்படியே வைத்தார்கள். ஓர் அத்தியாயத்தை எழுதாமலே விட்டார்கள். இன்னொன்றைக் கணினியில் சொற்களைக் குலுக்கிப் போட்டுத் தயாரித்தார்கள். 2004 டிசம்பரில் அந்த நாவல் ஏற்றுக்கொள்ளப்பட்டது! 2005 ஜனவரியில் எழுத்தாளர்கள் உண்மையைச் சொன்ன பிறகுதான் நிறுவனம் பின்வாங்கியது. எதைக் கொடுத்தாலும் "தேர்வு" என்கிற இடத்தில் தேர்வு என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

நடக்காத கதை நடந்ததும் உண்டு

அப்படியானால் எல்லா வெற்றிக் கதையும் பொய்யா? இல்லவே இல்லை. கேமரன் மலையே அதற்குச் சாட்சி.

பினாங்கில் 1972இல் பிறந்த டான் துவான் எங் சட்டம் படித்து, கோலாலம்பூரில் வழக்கறிஞராக வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவலை 2007இல் வெளியிட்டது நியூகாசல் நகரத்தின் மிர்மிடன் என்ற சிறிய பதிப்பகம். அந்த நாவல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2012இல் வந்த இரண்டாவது நாவலான 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' கேமரன் மலையின் தேயிலைத் தோட்டச் சூழலில், அவசரகாலத்தை வைத்து எழுதப்பட்டது. அது புக்கர் குறும்பட்டியல் வரை போனது. ஆசிய அளவிலான மேன் பரிசை வென்றது. 2019இல் திரைப்படமாகவும் வந்தது. மூன்றாவது நாவல் 2023இல்தான் வந்தது. பதினாறு ஆண்டுகளில் மூன்றே நாவல்கள்!

கியா பார்மிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் கீழே இறங்கினால் ஈப்போ. அங்கே வளர்ந்த தமிழ்ப் பெண் பிரீத்தா சமரசன், ஈப்போவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் 2008இல் அமெரிக்காவில் வெளிவந்து, மறு ஆண்டு ஆரஞ்சு பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் இசைத்துறை ஆய்வுப் படிப்பை விட்டுவிட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை பயின்றவர் அவர். ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே.ரௌலிங்கின் முதல் நூல் 1997இல் வெளிவந்தபோது கெட்டி அட்டையில் அச்சானது 500 பிரதிகள்தான்.

இந்தக் கதைகளும் கேட்டதும் நம்ப முடியாதவைதான். ஆனால் கேள்வி கேட்டால் இவை உடைவதில்லை. நூல் எந்தக் கடையிலும் கிடைக்கும். பரிசுப் பட்டியலைப் பரிசு கொடுத்தவரே வெளியிட்டிருப்பார். எல்லாவற்றிலும் ஆண்டுக்கணக்கான உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

என்ன கேட்பது?

யாராவது வெற்றிக் கதை சொன்னால் ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று, யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்? பதிப்பகம் எழுத்தாளருக்குக் கொடுத்திருந்தால் அது பதிப்பு. எழுத்தாளர் கொடுத்திருந்தால் அது அச்சுக்கூலி. சொந்தச் செலவில் நூல் போடுவது கேவலமல்ல. நம் நாட்டின் நல்ல தமிழ் நூல்கள் பலவும் அப்படித்தான் வந்தன. அதை "பதிப்பகம் வாங்கிவிட்டது" என்று சொல்வதுதான் தவறு.

இரண்டு, அந்தப் பதிப்பகம் வேறு யாருடைய நூலை வெளியிட்டது? அவற்றில் ஒன்றையாவது கடையில் கண்ணால் பார்க்க முடியுமா?

மூன்று, எத்தனை பிரதி விற்றது, யார் எண்ணியது? நூல் வெளியீட்டு விழாவில் பிரமுகர் ஒருவர் முதல் நூலுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுப்பார். அது மொய். அன்பின் கணக்கு வேறு, விற்பனைக் கணக்கு வேறு.

நான்கு, பரிசு என்றால் கொடுத்தது யார்? போட்டியில் சேரக் கட்டணம் எவ்வளவு? பரிசு பெற்றவர்கள் எத்தனை பேர்?

ஐந்து, நூலின் உரிமை யாரிடம், எத்தனை ஆண்டுக்கு? இதற்குப் பதில் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தமே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

"அனைத்துலகப் புத்தக எண் கிடைத்திருக்கிறது" என்று சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். நூல் வெளியிடுகிறவர் விண்ணப்பித்தால் தேசிய நூலகம் அந்த எண்ணைக் கொடுக்கும். வாகனத்துக்கு எண் இருப்பது போலத்தான். எண் இருப்பதாலேயே வண்டி பந்தயத்தில் ஜெயித்தது என்று ஆகாது.

சந்தேகம் யார் மீது?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெரிய கதை சொல்கிற இளைஞர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "நீங்கள் உலக எழுத்தாளர்" என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லியிருப்பார். இவர் நம்பியிருப்பார். நம்பியதை வீட்டில் சொல்லியிருப்பார். அம்மா அதைச் சந்தையில் சொல்லியிருப்பார். ஒவ்வொரு வாயிலும் ஒரு சுழியம் கூடியிருக்கும். முதலில் ஏமாந்தவரே அந்த இளைஞராக இருக்கக்கூடும்.

ஆகவே சபையில் வைத்துச் சிரிப்பதற்காகக் கேட்கக் கூடாது. தனியாக உட்கார வைத்து, "தம்பி, ஒப்பந்தத்தைக் காட்டு, சேர்ந்து படிப்போம்" என்று கேட்க வேண்டும். சந்தேகம் காகிதத்தின் மீது இருக்கட்டும். பிள்ளையின் மீது வேண்டாம். கதை உண்மை என்றால் பாராட்டு இரட்டிப்பாகும். உண்மையில்லை என்றால் இன்னொரு 5,000 வெள்ளி மிஞ்சும்.

எழுதுகிற பிள்ளைக்குப் பொன்னாடையைவிட அவசியமானது ஒன்று உண்டு: அவன் நூலைக் காசு கொடுத்து வாங்கி, கடைசிப் பக்கம் வரை படித்து, எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று சொல்லும் ஒருவர். அப்படிப் படித்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், வெற்றிக் கதை உண்மையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.