ஒரு கடிகாரம், இரண்டு இயந்திரங்கள்

1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலம் பழுதாகிப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பாதையைத் திருத்த என்ஜினை 14 விநாடி இயக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினியை அணைத்திருந்தார்கள். அதிலிருந்த விண்வெளி வீரர் ஜாக் ஸ்விகர்ட் தம் கையில் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்தே விநாடிகளைக் கணக்கிட்டார். பேட்டரி இல்லாத, சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம் அது.

இப்படி விநாடிகளை அளக்கும் கடிகாரத்துக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். மணி காட்டும் இயந்திரத்தின் மேலேயே ஸ்டாப்வாட்ச் ஒன்றையும் ஏற்றியிருப்பார்கள். 1957இல் வெளிவந்த ஸ்பீட்மாஸ்டரின் உள்ளே இருந்தது 321 என்ற இயந்திரம். கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்தால், குட்டித் தூண்கள் வட்டமாக நிற்கும் சக்கரம் ஒன்று தெரியும். மேல் பட்டனை அழுத்தியதும் அது ஒரு படி திரும்பும். நெம்புகோலின் மூக்கு தூண்களின் இடைவெளியில் விழும். ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரம் நகர்ந்து வந்து நடுச் சக்கரத்தோடு பல் கோக்க, நீண்ட விநாடி முள் கிளம்பும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் சுத்தியல் போன்ற பாகம் இதய வடிவத் தகட்டில் இறங்கும். முள் எங்கே நின்றிருந்தாலும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்.

மணி காட்டும் இயந்திரமும் ஸ்டாப்வாட்சும் சேரும் இடம்தான் நுட்பமானது. எனவே உங்களிடம் இப்படியொரு பழைய கடிகாரம் இருந்தால், முள்ளை நிறுத்திய பிறகே கீழ்ப் பட்டனைத் தொட வேண்டும். பட்டன் இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். சாவி கொடுக்கும் திருகு தடுக்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பழைய ரப்பர் வளையங்கள் தளர்ந்திருக்கும் என்பதால் தண்ணீர் ஆகாது. கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடினால், ஸ்பீக்கர் காந்தம் பட்டு உள்ளே மயிரிழைச் சுருள்வில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தத்தை நீக்கினால் சரியாகும்.

ஓட்டம் சரியாக இருந்தாலும் எண்ணெய் காலப்போக்கில் வறண்டுவிடும். வறண்ட அச்சு தேயும். பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதோ அரிது. இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் ரேடியம் இருக்கக்கூடும் என்பதால் நீங்களே திறக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரோனோகிராஃப் பிரித்துப் பழகியவரிடம் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போதே, டயலுக்குப் புதுப் பெயிண்டோ உறைக்கு பாலிஷோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய கடிகாரத்தின் மதிப்பு அதன் அசல் பாகங்களில்தான் இருக்கிறது.