ஐம்பது வயதில் ஒரு அப்பா

2016 மே மாதம். வியட்நாமின் ஹனோய் நகரத்தில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா சாப்பிடுகிறார். எதிரே நரைத்த தலையோடு நெட்டையாக ஒரு மனிதர். அரிசி நூடுல்ஸ், கரியடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி, குளிர்ந்த பீர். மொத்த பில் 6 டாலர். அதைக் கொடுத்தவர் அந்த நெட்டை மனிதர், நியூயார்க்கின் செஃப் ஆந்தனி போர்டைன்.

சாப்பாட்டுக்கு நடுவே போர்டைன் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள், எல்லாம் சரியாகிவிடுமா? முன்னேற்றம் நேர்கோட்டில் போவதில்லை, ஆனாலும் சரியாகும் என்றார் இரண்டு பெண்களைப் பெற்ற ஒபாமா. போர்டைனின் எத்தனையோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் மனத்தில் தங்கிவிடுவது இந்தச் சில நிமிடங்கள்தான்.

அவருக்குச் சாப்பாட்டு ருசி அப்பா வழியாக வந்தது. அப்பா பியர், பிரெஞ்சு வேர் கொண்டவர். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பெரிய ஓட்டல், சின்னக் கடை என்று பேதம் பார்க்காதவர். பிள்ளைகளை நியூஜெர்சியில் சாலையோரத்து ஹாட் டாக் கடைக்கும் கூட்டிப்போவார். 1966இல் குடும்பம் கப்பலேறி பிரான்சுக்குப் போனது. அங்கே ஆர்க்காஷோன் கடற்கரைப் பகுதியில், அக்கம்பக்கத்து மீனவர் ஒருவர் படகிலேயே உடைத்துக் கொடுத்த சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட்டான் பத்து வயதுப் பையன். தன் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது அந்த ஒரு வாய்தான் என்று பிற்பாடு எழுதினார்.

பியர் 1987இல் 57 வயதில் காலமானார். மகன் அப்போது ஹெராயின் பழக்கத்தோடு போராடிக்கொண்டு, ஒரு சமையற்கட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். ஓட்டல் சமையற்கட்டுகளின் உள்கதையைச் சொல்லும் 'கிச்சன் கான்ஃபிடென்ஷியல்' 2000இல் வெளிவந்தபோது போர்டைனுக்கு வயது 44. அதைப் படிக்க அப்பா இல்லை. புகழ் வந்த பிறகு தம்பியோடு அதே பிரெஞ்சுக் கடற்கரைக்குப் போனார். அதே சிப்பி, அதே மணல். ருசி மட்டும் திரும்பவில்லை. ஊரைத் தேடி வரவில்லை, அப்பாவைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்பது அங்கே அவருக்குப் புரிந்தது.

அந்தப் புத்தகம் அவரைச் சமையற்கட்டிலிருந்து விமானத்தில் ஏற்றியது. நாற்பது வயது கடக்கும்வரை அடுப்படியைத் தாண்டி உலகத்தை அதிகம் பார்க்காத மனிதர், பிறகு வருடத்தில் ஏறக்குறைய 250 நாள் வெளியூரில் கழித்தார். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டைத் தொடமாட்டார். காற்றில் ஈரம் குறைந்த விமானத்துக்குள் நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடும். எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் உப்பும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும். பசியோடு இறங்கி, ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில் உட்காருவதே அவர் வழக்கம். 2017இல் ஒளிபரப்பான இலங்கை நிகழ்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் வந்ததும் அப்படித்தான். போர் நடந்த காலத்தில் அவர் பார்க்க முடியாத ஊர் அது.

2006 ஜூலையில் பெய்ரூட்டில் படம் எடுக்கப் போன இடத்தில் போர் மூண்டது. விமான நிலையம் குண்டுவீச்சில் சிதைந்தது. குழுவினரோடு பல நாள் ஓட்டலில் அடைபட்டிருந்து, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வெளியேறினார். ஊர் திரும்பியவருக்கு அடுத்த ஏப்ரலில் மகள் பிறந்தாள். அவருக்கு அப்போது 50 வயது. அதற்குமுன் தகப்பனாகும் தகுதி தனக்கு இருக்கவில்லை என்று அவர் மறைக்காமல் சொல்வார்.

அந்தக் குழந்தைக்கு ஒரு நண்பரும் காரணம். நியூயார்க்கில் மூன்று மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற 'லெ பெர்னார்டன்' உணவகத்தின் செஃப் எரிக் ரிப்பேர், போர்டைனின் புத்தகத்தைப் படித்துவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்று தொடங்கிய நட்பு. போர்டைனுக்கும் அவர் மணந்த பெண்ணுக்கும் அறிமுகம் செய்துவைத்தவர் ரிப்பேர்தான். ஒருவர் புத்த மதத்தில் ஈடுபாடு கொண்ட அமைதியான ஆள், இன்னொருவர் வாய்த்துடுக்கு. சீனாவின் சிச்சுவானுக்குக் கூட்டிப்போய் மிளகாயும் மிளகுமாக ஊட்டி நண்பரைத் திணறடித்தார் போர்டைன். ரிப்பேரும் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர்.

மகளை ஒரு பர்கர் கம்பெனியின் கடைகளிலிருந்து விலக்க, அந்தக் கம்பெனியின் விளம்பரக் கோமாளியைப் பற்றி அவள் காதில் விழும்படி பயமுறுத்தும் கதைகளைச் சொன்னதாக 2010இல் எழுதினார் போர்டைன். 2016இல் வந்த 'அப்பெட்டைட்ஸ்' அதைவிடக் கனிந்த புத்தகம். பெரிய ஓட்டல் சமையல் அதில் இல்லை. மகளுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் செய்துபோட்ட முட்டை, சாண்ட்விச், பண்டிகை நாள் வான்கோழி, இவைதான். அவர் எழுதிய புத்தகங்களில் நேசம் மிகுந்தது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். ஊர் திரும்பிய சில நாட்களில் சமைத்த சாப்பாடு அது. அந்த நாட்கள் போதவில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

2018 ஜூன் 8. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கைசர்ஸ்பெர்க் ஊரில், படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் போர்டைன் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 61. மகளுக்குப் பதினொன்று. அந்தப் பயணத்தில் உடனிருந்தவர் ரிப்பேர். காலையில் நண்பரைக் கண்டெடுத்தவரும் அவரே.

ஜூன் 25 போர்டைனின் பிறந்த நாள். ரிப்பேரும் இன்னொரு செஃப் ஹோசே ஆந்த்ரேஸும் 2019இல் அந்த நாளை 'போர்டைன் நாள்' என்று அறிவித்தார்கள். அன்று அவரைப் பற்றிய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார்கள்.