ஆசிரியர்களை உருவாக்குபவர்களுக்கு ஒரு சங்கம்: பைலா எழுதும்முன் சில குறிப்புகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் பணியாற்றும் மேடம். "சார், ஆறு பேர் சேர்ந்துட்டோம். ஏழாவது கையெழுத்து நீங்கதான் போடணும்"னு சொன்னாங்க. பி.எட். மாணவர்களுக்குத் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கும் யோசனை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டதும் அடுத்த வேலையும் என் தலையில் விழுந்தது: "அப்படியே பைலாவும் நீங்களே எழுதிடுங்க சார்."

எழுத உட்கார்ந்தால் முதல் விதியிலேயே மாட்டிக்கொண்டேன். "உறுப்பினராகத் தகுதி உடையவர் யார்?" கேட்பதற்கு எளிதான கேள்வி. பதில் எளிதாக இல்லை. இதே கேள்வியோடு முப்பது வருடங்களுக்கு மேல் மல்லுக்கட்டிய ஒரு சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் கதையைப் படித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அப்போது வந்த பாடத்திட்ட வரைவில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைப் பற்றிய விமர்சனப் புரிதலுக்கு என்று ஒரு தனித் தாள் இருந்தது. தாள் வந்துவிட்டது, அதை யார் எடுப்பது? நான் இயற்பியல் படித்தவன். புரொஜெக்டரில் படம் வராதபோது ஒயரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் என்பதால் அந்தத் தாள் என்னிடம் வந்தது. எங்கள் ஏழு பேரில் பலருடைய கதையும் இதுதான். எங்களுக்கென்று ஒரு துறை கிடையாது. அடுத்த மேஜையில் இருப்பவருக்கே நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று சரியாகத் தெரியாது. சங்கம் வேண்டும் என்ற ஆசை வருவதே இந்தத் தனிமையிலிருந்துதான்.

இரண்டு சங்கங்கள், இரண்டு படிகள்

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1979இல் ஓரிகன் மாநிலத்தில் பேராசிரியர் டேவிட் மோர்சண்ட் முன்னின்று, கல்வியில் கணினிக்கான சர்வதேசக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களுக்குள் மைக்ரோ கம்ப்யூட்டர்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கிய காலம் அது. 1989இல் அந்தக் கழகம் இன்னொரு சங்கத்தோடு இணைந்து ஐஎஸ்டிஇ ஆனது. கல்வித் தொழில்நுட்பத்துக்கான சர்வதேசச் சங்கம் என்று சொல்லலாம். பள்ளி ஆசிரியர்கள், கணினி ஒருங்கிணைப்பாளர்கள், நிர்வாகிகள் எல்லோருக்குமான பெரிய குடை அது. மாணவர்களுக்கு 1998இலும் ஆசிரியர்களுக்கு 2000இலும் அது வெளியிட்ட தொழில்நுட்பத் தரநிலைகள்தான் பல நாடுகளில் இன்றும் பேசப்படுகின்றன.

ஐஎஸ்டிஇ வந்த அடுத்த வருடமே, 1990இல், சைட் என்ற சின்னச் சங்கம் பிறந்தது. தகவல் தொழில்நுட்பத்துக்கும் ஆசிரியர் கல்விக்குமான சங்கம். பெரிய சங்கம் ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் படிக்கணக்கு வருகிறது. வகுப்பில் மாணவர் இருக்கிறார். அவருக்கு மேலே ஆசிரியர். அந்த ஆசிரியருக்குக் கற்பித்தவர் அதற்கும் மேலே. பள்ளி ஆசிரியரின் கவலை, "நாளைக்கு என் வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது?" கல்வியியல் கல்லூரிப் பேராசிரியரின் கவலை வேறு. "ஐந்து வருடம் கழித்து, நான் பார்த்தே இராத ஒரு வகுப்பில், இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு கருவியை என் மாணவர் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்த, இன்றைக்கு நான் என்ன செய்யவேண்டும்?" இரண்டாவது கேள்விக்குப் பயிலரங்கம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும். சைட் அந்த இடத்தில் உட்கார்ந்தது.

நடத்தும் முறையும் அதற்கேற்றபடிதான். வருடம் ஒரு மாநாடு, கட்டுரைகள், அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் சக பேராசிரியர்கள். 1993 முதல் ஓர் ஆய்விதழ். பொதுவான ஆர்வம் உள்ளவர்கள் கூடிப் பேசச் சிறு குழுக்கள். பொறுப்பில் இருப்பவர்கள் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பும் எடுத்துக்கொண்டு, இதையும் பார்ப்பவர்கள். அப்படியானால் பதிவு, கட்டண வசூல், கட்டுரைகளைச் சேமித்து வைப்பது எல்லாம் யார் செய்வது? 1981இலிருந்து இயங்கும் ஏஏசிஇ என்ற தாய்ச் சங்கத்தின் கீழ் சைட் போய்ச் சேர்ந்துகொண்டது. அலுவலக வேலை அங்கே, சிந்தனை வேலை இங்கே.

இதைப் படித்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நம் ஊரில் சங்கங்கள் சாவது கொள்கைச் சண்டையால் மட்டும் இல்லீங்க. ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல்தான் பாதிச் சங்கங்கள் சாகின்றன. சின்னச் சங்கம் ஒன்று அலுவலகத்தைத் தானே கட்டிக்கொள்ள நினைத்தால், இரண்டாவது வருடம் அந்த அலுவலகத்தை நடத்துவதே சங்கத்தின் வேலையாகிவிடும். குடைக்குள் போனால் கொஞ்சம் சுதந்திரம் குறையும். ஆனால் மூச்சு இருக்கும்.

தனித் தாளா, எல்லாத் தாளிலுமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். சைட் போன்ற சங்கத்தின் உண்மையான சிக்கல் பணமோ அலுவலகமோ இல்லை. அதன் அறிவுதான் அதன் சிக்கல்.

1986இல் லீ ஷுல்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். பாடம் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு, இந்தக் குறிப்பிட்ட பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று தெரிவது இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு. 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கேலரும் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். டிபேக் என்று இப்போது பி.எட். பாடநூல் வரைக்கும் வந்துவிட்ட மூன்று வட்டப் படம் அதுதான். மனப்பாடம் செய்து பரீட்சையில் வரைகிறார்கள். ஆனால் அந்தப் படம் சொல்லும் செய்தி எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கசப்பானது.

எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒளிவிலகல் நடத்தும்போது, பெட் சிமுலேஷனில் படுகோணத்தை மாற்றிக்கொண்டே போகச் சொன்னால், எந்தக் கோணத்தில் ஒளி வெளியே வராமல் உள்ளேயே திரும்புகிறது என்று மாணவர் தானே கண்டுபிடிப்பார். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கணினி தெரிந்தால் போதாது. மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று இயற்பியல் கற்பித்துப் பார்த்திருக்க வேண்டும். நான் கற்பித்திருக்கிறேன், அதனால் தெரியும். இதே வேலையைத் தமிழ் பெடகாஜி மாணவருக்கோ வரலாற்று மாணவருக்கோ என்னால் செய்ய முடியாது. அவர்களுக்கு நான் பொதுவாக ஸ்லைடு செய்யச் சொல்லித்தருகிறேன். அவர்களும் அழகாகச் செய்து, மதிப்பெண் வாங்கி, பள்ளிக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள்.

அதாவது, டிபேக் சரி என்றால், தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டியவர் தொழில்நுட்ப ஆசிரியர் அல்ல. அந்தந்தப் பாடத்தின் பெடகாஜி ஆசிரியர். அப்படியானால் தொழில்நுட்ப ஆசிரியர்களின் சங்கம் எதற்கு?

சைட் இந்தக் கேள்வியிலிருந்து ஓடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1999இல் அமெரிக்க அரசு, நாளைய ஆசிரியர்களைத் தொழில்நுட்பத்துக்குத் தயார் செய்ய என்று கல்லூரிகளுக்குப் பெரிய நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தச் சூழலில், 2000இல், சைட் இன்னோர் இணைய ஆய்விதழைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதன் அமைப்பைத்தான் கவனிக்கணும். கணிதப் பகுதிக்குக் கணித ஆசிரியர் கல்வியாளர்களின் சங்கம், அறிவியலுக்கு அறிவியல் ஆசிரியர் கல்வியாளர்களின் சங்கம், அப்படியே ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் அந்தந்தத் துறையின் சங்கங்கள். எந்தக் கட்டுரை வரலாம், வரக்கூடாது என்று பார்க்கும் பொறுப்பை அவரவர் துறையிடம் கொடுத்துவிட்டார்கள். சொந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறை ஒதுக்கி, சாவியும் கொடுத்ததுபோல.

அதோடு நிற்கவில்லை. 2016இல் அந்நாட்டு அரசின் கல்வித் தொழில்நுட்பத் திட்டம், ஒற்றைத் தாளோடு நிறுத்தாமல் ஆசிரியர் பயிற்சி முழுவதிலும் தொழில்நுட்பம் கலந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2017இல் நான்கு ஆய்வாளர்கள், ஆசிரியர் கல்வியாளர்களுக்கான 12 தொழில்நுட்பத் திறன்களை வெளியிட்டார்கள். வந்தது சைட்டின் ஆய்விதழில்தான். நிபுணர்களிடம் சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்டு, ஒத்த முடிவுக்கு வரும் டெல்ஃபி முறையில் தயாரித்த பட்டியல் அது. அந்தப் பட்டியல் தொழில்நுட்பத் தாள் எடுப்பவருக்கு மட்டும் இல்லை. கல்வியியல் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பவரானாலும் அவருக்கும் சேர்த்துத்தான்.

யோசித்துப் பாருங்க. ஒரு சங்கம் தன் சொந்த இதழிலேயே, "எங்கள் உறுப்பினர்கள் மட்டும் செய்யும் வேலை என்று இது இருக்கக்கூடாது" என்பதற்கு இடம் கொடுக்கிறது.

அப்புறமும் சங்கம் ஏன் இருக்கிறது?

இதற்கு 2020ஐப் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதம் நியூ ஆர்லியன்ஸில் மாநாடு என்று முடிவாகியிருந்தது. கொரோனா வந்தது, கடைசி வாரங்களில் மொத்த மாநாட்டையும் இணையத்துக்கு மாற்றினார்கள். அதே ஜூன் மாதம், பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர் கல்வி எப்படி நடந்தது என்று நூற்றுக்கும் மேற்பட்ட அனுபவக் கட்டுரைகள் கொண்ட மின்னூலை ஏஏசிஇ இலவசமாக வெளியிட்டது. பயிற்சிக்குப் போகப் பள்ளியே இல்லாதபோது மாணவ ஆசிரியர் எங்கே கற்பித்துப் பழகுவார் என்பது மாதிரியான அன்றாடக் கேள்விகளுக்குச் சுடச்சுட எழுதப்பட்ட பதில்கள். மூன்று மாதத்தில் அது முடிந்ததற்குக் காரணம், ஒருவரையொருவர் தெரிந்த, எழுதிப் பழகிய ஆட்கள் முன்பே ஒரு பட்டியலில் இருந்ததுதான்.

இங்கே எனக்குப் பதில் கிடைத்தது. சங்கத்தின் சொத்து ஒரு தாள் இல்லை. அடுத்த கருவி வரும்போது, அதை வகுப்பில் முயன்று பார்த்து, தோற்றதையும் சேர்த்து எழுதி, மற்றவருக்குத் தரும் பழக்கம்தான் சொத்து. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபோது எங்கள் ஏழு பேரும் ஏழு கல்லூரியில் தனித்தனியாகத் திண்டாடினோம். மாணவர் எழுதிய பாடத்திட்டக் குறிப்பை என்ன செய்வது என்று கேட்க ஆள் இல்லை. பட்டியல் இல்லாததன் விலை அது.

எங்கள் பைலா

இதையெல்லாம் மேடத்திடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "எல்லாரும் எடுக்கலாம்னு நாமே எழுதிக் கொடுத்துட்டா, காலேஜ்ல அந்தத் தாளைப் பிரிச்சு எல்லாருக்கும் கொடுத்துடுவாங்களே சார். அப்போ எனக்கு என்ன இருக்கும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். அவங்க தொகுப்பூதியத்தில். அந்த ஒரு தாள்தான் அவங்க வேலைக்கு ஆதாரம். எங்கள் ஏழில் இன்னொருவருக்கும் அதே நிலைமை. கொள்கை பேசுவதற்கான செலவை நான் கட்டப்போவதில்லை, அவங்கதான் கட்டவேண்டும். சைட்டின் கதையில் நான் கவனிக்காமல் தாண்டிவந்த பக்கம் இது. அங்கே சாவியைக் கொடுத்தவர்கள், தங்களுக்கென்று மாநாடும் இதழும் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள்.

அதனால் வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன். ஒன்று, எந்தப் பாடம் எடுப்பவரும் உறுப்பினராகலாம், செயற்குழுவில் பாதிப் பேர் பெடகாஜி ஆசிரியர்களாக இருக்க வேண்டும். இரண்டு, தொழில்நுட்பத் தாள் எடுப்பவரின் வேலை "கலந்து கற்பித்தல்" என்று பெயர் மாறும்: பெடகாஜி ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பைத் திட்டமிட்டு, உடன் நின்று நடத்துவது. அந்த மணிநேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கல்லூரிகளிடம் கேட்பதுதான் சங்கத்தின் முதல் கோரிக்கை. மூன்று, வருடம் ஒரு நாள் கூட்டம். வருபவர் ஒவ்வொருவரும் சரியாகப் போகாத ஒரு வகுப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். நான்கு, இதழ், கட்டடம், தனி அலுவலகம் எதுவும் முதல் மூன்று வருடம் கிடையாது. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் மட்டும்.

இரண்டாவது விதி நடக்குமா என்று கேட்டால், கோரிக்கைதானே, கல்லூரிகள் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். வரைவை அனுப்பியதும் மேடம் ஒரு வரி பதில் போட்டாங்க: "அந்த ரெண்டாவது விதியை முதல்ல போடுங்க சார்."

மாற்றிவிட்டேன். வரும் ஞாயிறு ஏழு பேரும் உட்காருகிறோம்.