ஏரியில் ரோகு ஏன் முட்டையிடுவதில்லை?

காக்களூர் ஏரி போன்ற தேங்கிய நீரில் ரோகு, கட்லா கொழுத்து வளரும். வயிற்றில் சினையும் பிடிக்கும். ஆனால் முட்டையிடாது. ஏன்?

இவை ஆற்றுக் கெண்டை மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் புரண்டு வந்தால்தான் மூளை பிட்யூட்டரி சுரப்பியை முழுவீச்சில் தூண்டும். அது சுரக்கும் ஹார்மோன் முட்டையை முற்றவைத்து வெளியேற்றும். வெள்ளம் இல்லாதபோது டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் அந்தச் சுரப்பைத் தடுத்து நிறுத்திவிடுகிறது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அதுவரை பெரும்பாலும் ஆற்றில் அள்ளிய குஞ்சுகள்தான் குளத்துக்கு வந்தன. அவற்றோடு வேண்டாத மீன்களும் கலந்து வரும். நம் மீன்வளர்ப்பில் இந்த ஊசியைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன்.

இன்று சாற்றுக்காகச் சுரப்பியைத் தேடி அலைய வேண்டாம். சால்மன் மீனின் மூளை ஹார்மோனைப் போல ஆய்வகத்தில் செய்த பொருளும், டோபமைனை அடக்கும் டோம்பெரிடோனும் கலந்த மருந்து குப்பியில் கிடைக்கிறது. தாய்மீனுக்குக் கிலோவுக்குச் சுமார் அரை மில்லி; ஒரே ஊசி.

ஆனால் சினை முற்றாத மீனுக்கு ஊசி போட்டுப் பயனில்லை. ஹார்மோன் கடைசிக் கட்டத்தைத்தான் முடித்துவைக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் நல்ல தீனியும் நல்ல தண்ணீரும் கொடுத்திருக்க வேண்டும்.